காசியானிக்குச் சுருதி பிடித்தவர்

புரோக்கோப்பிஸுக்குப் பொறாமை என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. அவர் அதற்கு நெஞ்செரிச்சல் என்று பெயர் வைத்து, சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். தவக்காலம் என்றால் எல்லோரும் பீன்ஸும் ஆலிவுமாகச் சாப்பிடுகிறோம், வயிறு இலேசாக இருக்கும். அப்போதும் இந்த மனிதருக்கு மட்டும் எரிந்தது. அதிலிருந்தாவது அவர் யோசித்திருக்க வேண்டாமா?

லேஸ்வோஸ் தீவின் தெற்குக் கரையில், மத்தி பிடிக்கும் படகுகள் வந்து நிற்கும் எங்கள் துறைமுகத்தில் அவர்தான் இன்ஜின் மெக்கானிக். அவருடைய தாத்தா எதிர்க்கரையிலிருந்து, துருக்கியர் துரத்த, ஒரு மூட்டையோடு வந்து இறங்கியவர். பேரன் பட்டறை போட்டு, கல்யாணம் செய்து, இரண்டு பெண்களை ஏதென்ஸுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். வாரம் முழுக்க டீசலில் ஊறிய கையை ஞாயிறு காலையில் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகு கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு புனித பரஸ்கேவி கோயிலின் வலப்பக்கப் பாடகர் மேடையில் ஏறுவார். நல்ல அடிக்குரல். அவர் குரல் கீழே இறங்கினால் மரப்பலகை அதிர்வது நம் காலுக்குத் தெரியும்.

வலப்பக்கத்துத் தலைமைப் பாடகர் என்றால் ஞாயிறுதோறும் வேலை இருக்கிறது, திருவிழாவுக்கு வேலை இருக்கிறது, சாவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு மாலையில். பெரிய செவ்வாய் மாலை, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய். அன்றைக்குத்தான் காசியானியின் பாட்டு.

காசியானி, ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் நகரத்தில் வாழ்ந்த துறவி. நகரம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான், கான்ஸ்டான்டினோப்பிள். பல பாவங்களில் விழுந்த ஒரு பெண், இயேசுவின் காலில் பரிமளத் தைலத்தைக் கொட்டி, கூந்தலால் துடைத்து அழுதாள் அல்லவா, அவள் வாயால் பேசுவதுபோல ஒரு பாட்டை எழுதி மெட்டும் போட்டவள் இந்தத் துறவி. கிறிஸ்துமஸுக்கும் வராதவன் அந்தப் பாட்டுக்கு வருவான். காப்பிக்கடைக்காரர் கதவைச் சாத்துவார், மலைக்கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பாட்டு வருவது வழிபாட்டின் கடைசியில். சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, பாட்டு முடிந்ததும் நழுவுகிறவர்கள் உண்டு. இக்னாத்தியோஸ் பாதிரியார் வருஷா வருஷம் படியில் நின்று கத்துவார்: "காசியானிதான் முடிஞ்சிருக்கா, கடவுள் இன்னும் முடியல. நில்லுங்கய்யா!"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பாட்டு புரோக்கோப்பிஸின் பாட்டு. மறுநாள் மீன் சந்தையில் நடந்துபோனால் கிழவர்கள் தொப்பியைத் தொடுவார்கள். "நேத்து நம்மளை அழ வச்சுட்டியேடா பாவி" என்பார்கள். அந்த ஒரு காலை நடை அடுத்த வருஷம் வரைக்கும் அவருக்குத் தாங்கும்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்தவள் மிர்சினி.

அவள் எங்கள் ஊர்ப் பெண்தான். பதினெட்டு வயதில் ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸுக்கு ஓடிப்போனவள், நாற்பதைத் தாண்டி, ஒரு மகளோடு, புருஷன் என்று யாரும் இல்லாமல் திரும்பி வந்தாள். அங்கே இரவு விடுதியில் பாடினாள் என்றது ஊர். பாடியதோடு நிறுத்தவில்லை என்றும் ஊரே சேர்த்துக்கொண்டது. அவள் துறைமுகச் சந்தில் சலவையும் இஸ்திரியுமாக ஒரு கடை திறந்தாள். இடப்பக்கத்து வயதான பாடகர் மகனோடு ஏதென்ஸுக்குப் போனபோது மேடை காலியானது. சாயங்கால ஜெபத்துக்கு ஆளில்லாமல் தவித்த பாதிரியார் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அது மூன்று வருஷத்துக்கு முன்பு. புரோக்கோப்பிஸ் வீட்டில் சோடா உப்பு வாங்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

முதலில் அவர் சமாளித்துக்கொண்டார். இடப்பக்கம்தானே, சின்ன வேலைதானே என்று. ஆனால் அவள் ஒரு வரி பாடி முடித்ததும் கோயிலில் ஒரு அமைதி விழும். அந்த அமைதி தன் வரிக்குப் பிறகு விழுகிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விழுந்தது. ஆனால் அவளுக்கு விழுந்தது கொஞ்சம் பெரிதோ என்று தோன்றியது. மனிதனுக்கு நிம்மதி போக அந்தக் 'கொஞ்சம்' போதாதா?

இந்தத் தவக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. தீவின் தலைநகர் மித்திலீனியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் வீக்கம், இரண்டு மாதத்துக்குள் பாடினால் குரல் ஒரேயடியாகப் போய்விடும் என்றார். முனகலாம், பாடக்கூடாது. புரோக்கோப்பிஸ் செய்தியோடு பாதிரியாரிடம் போனார். யாரும் பாட வேண்டாம், இந்த வருஷம் பாட்டை வாசித்துவிடலாம் என்று அவரே சொல்லுவார் என்ற நப்பாசை.

"டாக்டர் சொன்னா சொன்னதுதான் புரோக்கோப்பி," என்றார் பாதிரியார். "நீ சுருதி மட்டும் பிடி. அது முனகல்தானே."

"அப்ப காசியானி, ஃபாதர்?"

"மிர்சினி பாடட்டும்."

"பொம்பளையா?"

"பின்ன எழுதினது யாரு, உங்கப்பாவா?"

புரோக்கோப்பிஸ் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் கலக்கிக் குடித்தார்.

சுருதி என்றால் சாதாரண விஷயம் அல்ல. எங்கள் கோயிலில் ஆர்மோனியமோ ஆர்கனோ கிடையாது. ஒருவர் பாட, பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே ஸ்வரத்தை விடாமல் முனகிக்கொண்டே இருப்பார்கள். ஈசோன் என்போம். பாடுகிறவர் எத்தனை மேலே பறந்தாலும், கீழே அந்த ஸ்வரம் தரைபோலக் கிடக்கும். தரை சரிந்தால் நடக்கிறவன் என்ன ஆவான்? ஆனாலும் சுருதி பிடித்தவரை யாரும் மறுநாள் மீன் சந்தையில் தொப்பி தொட்டுக் கும்பிடுவதில்லை.

காப்பிக்கடையில் கடைக்கார ஃபோட்டிஸ் தட்டைத் துடைத்துக்கொண்டே வம்புக்கு இழுத்தான். "என்ன அண்ணே, பெரிய செவ்வாய்க்கு உங்களுக்கு லீவாமே?"

எங்களைப் போன்ற துறைமுக ஊர்களில் ஒரு பழைய வழக்கம் பேசுவார்கள். அந்தக் காலத்தில் மாலுமிகள் வந்துபோகும் படகுத்துறை வீடுகளின் பெண்கள், வருஷம் பூராவும் கோயில் படி ஏறாதவர்கள், அந்த ஒரு மாலை மட்டும் வந்து கடைசி வரிசையில் நின்று காசியானியின் பாட்டைக் கேட்டு அழுதுவிட்டுப் போவார்களாம். புரோக்கோப்பிஸ் காப்பியை உறிஞ்சிவிட்டு, கட்டிப்போன தொண்டையால் சொன்னார்:

"முந்தியெல்லாம் அந்த மாதிரிப் பொம்பளைங்க கேக்கத்தான் வருவாங்க. இந்த வருஷம் பாடவே வர்றாங்க."

கடை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அன்றைக்கு முழுக்க அவருக்கு நெஞ்சு எரியவில்லை. சின்ன ஊர், சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு சலவைக்கடையை எட்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எட்டட்டும் என்றுதான் சொன்னார்.

பெரிய திங்கள் மத்தியானம், வெற்றுக் கோயிலில் ஒத்திகை. மிர்சினி வந்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆண்குரலுக்கு வைக்கும் இடத்தைவிட மேலே ஓர் இடத்தில் சுருதியை நிறுத்திக்கொண்டார்கள். பாட்டில் ஓர் இடம் வரும். தன் பாவத்தின் ஆழத்தையும் கடவுளின் நியாயத்தின் ஆழத்தையும் அந்தப் பெண் நினைத்துப் பார்க்கும் இடம். அங்கே மெட்டு படிப்படியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் காத்திருப்பது அதற்குத்தான். புரோக்கோப்பிஸின் பெயர் நிற்பதும் அதில்தான்.

"அண்ணே, அந்த ஆழத்துல வர்ற கடைசி ஸ்வரம்தான் என் எல்லை," என்றாள் மிர்சினி. "அதுக்குக் கீழ எனக்கு ஒரு நூல்கூட இல்ல. நீங்க பிடிக்கிற இடத்தை நம்பித்தான் நிக்கிறேன்."

"பாத்துக்கலாம்," என்றார் அவர்.

அவள் ஒருமுறை மெதுவாகப் பாடிப் பார்த்தாள். புரோக்கோப்பிஸ் சங்கீதம் தெரிந்தவர், தன்னை ஏமாற்றிக்கொள்ள அவருக்கு வழியில்லை. அவருடைய குரலில் பாதிகூட இல்லை அவள் குரல். ஆனால் அவர் இத்தனை வருஷமும் அந்தப் பாட்டை ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், தட்டில் வைத்துப் பரிமாறுவதுபோல. அவள் பாடியது கொடுப்பதாக இல்லை. யாரிடமோ எதையோ கேட்டாள். தர மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடு கேட்டாள். துறவி எழுதியது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. அந்த நிமிஷத்தில் அவளை அவர் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

வீட்டில் மரியாந்தி கீரையும் கணவாயும் எண்ணெய் இல்லாமல் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய பெண்டாட்டி. அவருக்கு ஒரு வார்த்தை என்றால் அவளிடம் மூன்று இருக்கும்.

"எப்படிப் பாடுறா?"

"ஏதோ பாடுறா."

"அப்ப நல்லாத்தான் பாடுறா," என்றாள் மரியாந்தி. "ஏங்க, வருஷா வருஷம் காப்பிக்கடைல அந்த ராஜா கதைய நீங்கதானே சொல்லுவீங்க? பிடிச்ச பொண்ணுக்குக் குடுக்க கையில ஆப்பிளோட பொண்ணு பாக்க வந்தானே. கெட்டதெல்லாம் பொம்பளையாலதான் வந்துச்சுன்னான். நல்லதும் பொம்பளையாலதான் வந்துச்சுன்னு காசியானி சொன்னா. உடனே ஆப்பிளை வேற ஒருத்திகிட்ட குடுத்துட்டுப் போய்ட்டான். பதில் தெரிஞ்ச பொண்ணு அவனுக்குத் தாங்கல."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. ஆப்பிளை வச்சுக்கிட்டு முழிக்கிறீங்களேன்னு பாத்தேன்."

மறுநாள் மாலை கோயிலில் ஊசி போட இடமில்லை. இடப்பக்கம் முழுக்கப் பெண்கள். மிர்சினி கரும்பச்சைக் கவுனில், கைகளைக் கட்டிக்கொண்டு, இடப்பக்க மேடையில் நின்றாள். எதிரே வலப்பக்க மேடையில் அங்கியோடு புரோக்கோப்பிஸ். அவரோடு சுருதி பிடிக்க ரொட்டிக்கடைக்காரரும் தபால்காரரும். இருவரும் நல்லவர்கள், காது கிடையாது, புரோக்கோப்பிஸ் எங்கே போனாலும் பின்னாலேயே போவார்கள். விளக்குகளை அணைத்து மெழுகுவர்த்திகளை மட்டும் விட்டார்கள். அவள் தொடங்கினாள்.

முதல் வரியிலேயே கடைசி வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது புரோக்கோப்பிஸின் காதில் விழுந்தது. தனக்கு எப்போதும் மூன்றாவது வரியில்தான் அந்தச் சத்தம் கிடைக்கும்.

அடுத்த மூச்சை எடுத்துச் சுருதியை மறுபடி பிடித்தபோது, அவர் அதை ஒரு மயிரிழை கீழே வைத்தார். இன்ஜினில் மரையைக் கால் சுற்றுத் தளர்த்துவதுபோல, வெளியே தெரியாமல். பக்கத்து இருவரும் கூடவே இறங்கினார்கள். அடுத்த மூச்சில் இன்னொரு மயிரிழை. பாடுகிறவளுக்கு இரண்டே வழி. தன் இடத்தில் நின்றால் இரண்டும் இடித்துக்கொண்டு காதுக்கு நாராசமாக இருக்கும், விடுதிப் பாடகிக்குச் சுருதி நிற்கவில்லை என்று ஊர் சொல்லிக்கொள்ளும். கூடவே இறங்கினால், அந்த ஆழத்துக்குப் போகும்போது அவளிடம் குரல் இருக்காது. எப்படியும் அவள் விழுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தாளில் போட்ட கணக்கு அல்ல, நெஞ்சில் போட்டது.

மிர்சினி இறங்கினாள். ஒவ்வொரு மூச்சிலும் அவரோடு கூடவே இறங்கி வந்தாள். ஒருமுறை தலையைத் தூக்கி, கோயிலின் அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தாள். அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழம் வந்தது. படிப்படியாக அவள் போனாள். கடைசிப் படிகளுக்கு முன்னால் குரல் தீர்ந்தது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. கோயிலில் வெறும் சுருதி மட்டும் கேட்டது. புரோக்கோப்பிஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

பிறகு நடந்ததை நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஓட்டையை அவரால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான். கால் நூற்றாண்டாக அவர் அந்த இடத்தை ஒரு தடவைகூடக் காலியாக விட்டதில்லை. டாக்டர் தடுத்த தொண்டையிலிருந்து, கரகரத்து, கிழிந்து, அந்தக் கடைசிப் படிகள் தாமாக வெளியே வந்தன. தன் பாவத்துக்கு அடியே தெரியவில்லை என்று சொல்லும் அந்த இடத்தை, ஆயிரம் பேருக்கு முன்னால், பாவம் செய்து முடித்த கையோடு அவர் பாடினார். சொற்கள் வாயில் சுட்டன. இத்தனை வருஷம் இவை எவளோ ஒருத்தியின் சொற்கள் என்றுதானே இருந்தார்! அடித்தளத்தைத் தொட்டதும் மிர்சினி அங்கிருந்து பாட்டை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

கோயில் விம்மியது. அன்றைக்கு யாரும் நழுவவில்லை; பாதிரியாருக்குக் கத்த வேலையே வரவில்லை. வாசலில் அவர் புரோக்கோப்பிஸைக் கட்டிக்கொண்டார். "யோசிச்சு வச்சதா இது? ஆழத்துக்கு நீ, மேல அவ! அந்த ராஜாவும் பின்னாடி மனசு மாறி வந்து, காசியானி பாட்டுல ஒரு வரி சேத்தான்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி இருந்துச்சு. இனிமே வருஷா வருஷம் இப்படித்தான்." கிழவர்கள் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அடிபோல விழுந்தது. நெஞ்சு எரிந்த எரிச்சலில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் மரியாந்தி சொன்னாள்: "முப்பத்தஞ்சு வருஷமா உங்க பக்கத்துல படுத்து உங்க முனகலைக் கேக்குறேன். தூக்கத்துலகூட உங்க சுருதி எறங்கினதில்ல."

அவர் நடையை எட்டிப்போட்டார். அவளும் கூடவே எட்டிப்போட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் நெத்தியில எண்ணெய் பூசுவாங்க. அதுக்கு முன்னாடி அவகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. இல்லன்னா அந்த எண்ணெய் உங்க மேல ஒட்டாது."

காலையில் அவர் கறுப்பு அங்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு துறைமுகச் சந்துக்குப் போனார். மீன் சந்தை வழியாகப் போனால் தொப்பியைத் தொடுவார்கள் என்று பின்சந்தாகச் சுற்றிப் போனார். சலவைக்கடையில் ஆவி நிறைந்திருந்தது. பாதிரியாரின் ஊதா உடுப்புகள் கொடியில் தொங்கின.

"வெள்ளிக்கிழமைக்கு இஸ்திரி போடணும்," என்று அங்கியை நீட்டினார். மிர்சினி வாங்கிப் பலகையில் விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் போகவில்லை.

"மிர்சினி, நேத்து அந்தச் சுருதிய நான் வேணும்னேதான் எறக்கினேன்."

இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. "தெரியும் அண்ணே."

"தெரியுமா? எப்ப?"

"ரெண்டாவது மூச்சுல. உங்களுக்குத் தானா எறங்குமா என்ன?"

"பின்ன ஏன் கூடவே எறங்கி வந்த? உன் இடத்துல நின்னிருக்கலாமே. உன் பக்கம்தானே நியாயம் இருந்துச்சு!"

"நின்னிருந்தா உங்க சுருதிதான் பொய்னு காது இருக்கிற நாலு பேருக்காவது தெரிஞ்சிருக்கும். இன்னைக்குக் காலைல ஃபோட்டிஸ் கடைல உங்களைத்தான் போட்டு வறுத்திருப்பாங்க." அவள் அங்கியின் கையைத் திருப்பிப் போட்டாள். "அந்தக் கடைப் பேச்சு எப்படிச் சுடும்னு எனக்குத் தெரியும். போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு, கேக்க வந்தவங்க பாட வந்துட்டாங்கன்னு."

பாஸ்காவுக்கு முன்னால் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வார்த்தையை, எல்லோரும் நுனிநாக்கில் சொல்லிவிட்டுப் போகும் அந்த வார்த்தையை, அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"என்னை மன்னிச்சுடும்மா."

"கடவுள் மன்னிக்கட்டும் அண்ணே. உங்களையும், என்னையும்."

"உன்னை எதுக்கு?"

மிர்சினி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். "கீழ நீங்க பாடினீங்களே, அப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அழுகையா வந்துச்சு, ஆனா பொறாமையிலதான் வந்துச்சு. அந்த ஆழம் எனக்கு இந்த ஜென்மத்துல வராது."

கால் கிலோ சர்க்கரை கேட்கிற மாதிரி அவள் அதைச் சொன்னாள். அந்த வார்த்தையை வாயால் சொல்ல முடியும் என்பதே புரோக்கோப்பிஸுக்கு அன்றுதான் தெரிந்தது. சொன்னவள் செத்துவிடவில்லை, அங்கியின் காலரைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்," என்றார் அவர். "மூணு வருஷமா. நெஞ்செரிச்சல்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"தெரியும் அண்ணே," என்றாள் மிர்சினி. "மரியாந்தி அக்கா சோடா உப்பு வாங்குறது பக்கத்துக் கடைலதான்."